பொன்முலாம் பூசிய லைக்கா

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய ஜெர்மன் ரேஞ்ச்ஃபைண்டர் (தூரங்காட்டி) கேமராக்களைச் சேகரிக்க ஆசைப்படுகிறேன். பொன்முலாம் பூசி, 1936 பெர்லின் ஒலிம்பிக் சின்னம் பொறித்த லைக்கா ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அதை முதல் கேமராவாக வாங்கலாமா? ஃபிலிம் போட்டுப் படமெடுத்தால் மதிப்புக் குறைந்துவிடுமா?

கே.

அன்புள்ள கே.,

வேண்டாம். அது அநேகமாக ஜெர்மனியில் பிறந்ததே அல்ல. சோவியத் யூனியனில் லைக்கா 2ஐப் பார்த்து ஃபெட், ஸோர்க்கி என்ற கேமராக்களை ஏராளமாகச் செய்தார்கள். பிற்காலத்தில் சிலர் அவற்றின் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு, பொன்முலாமும் ஒலிம்பிக் சின்னமும் ஏற்றி விற்றார்கள். லென்ஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். ரேஞ்ச்ஃபைண்டரை இயக்கும் நெம்புகோலின் முனையில் சிறு உருளை இருந்தால் அது லைக்கா. சரிவாகச் சீவிய உலோக நாக்கு இருந்தால் ஃபெட் அல்லது ஸோர்க்கி. ஃபெட் நல்ல கேமராதான். அதன் சொந்தப் பெயரில், அதற்குரிய விலையில் வாங்குங்கள்.

பொறித்த எழுத்தைப் பார்த்து வாங்காதீர்கள், கண்ணை வைக்கும் ஜன்னலைப் பார்த்து வாங்குங்கள். இந்தக் கேமராக்களின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 1925இல் லைப்சிக் கண்காட்சிக்கு வந்த முதல் லைக்காவில் தூரத்தை நாமே மதிப்பிட வேண்டும். 1932இல் லைக்கா 2 வந்தபோதுதான் லென்ஸைத் திருப்பத் திருப்ப துளையில் தெரியும் இரண்டு பிம்பங்களில் ஒன்று நகர்ந்து மற்றதன்மேல் பொருந்தியது; பொருந்தினால் குவியம் சரி. அப்போதும் தூரம் பார்க்க ஒரு துளை, படத்தின் சட்டகம் பார்க்க இன்னொரு துளை. ட்ரெஸ்டனில் ஸைஸ் இகான் செய்த காண்டாக்ஸ் 2, 1936இலேயே இரண்டையும் ஒரே ஜன்னலில் கொண்டுவந்தது. லைக்கா அந்த இடத்துக்கு வர 1954இன் எம்3 வரை ஆயிற்று. காண்டாக்ஸில் ரேஞ்ச்ஃபைண்டரின் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ 9 செ.மீ.; லைக்கா 3இல் 4 செ.மீ.கூட இல்லை. இடைவெளி அகல அகலத் தூரக் கணிப்பு நுட்பமாகும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கேமராக்களில் என் மனம் காண்டாக்ஸ் பக்கமே சாய்கிறது. ஒளியைத் திறந்து மூடும் அதன் உலோக ஷட்டரைத் தாங்கும் பட்டு நாடாக்கள் முதுமையில் அறுந்துபோகும் என்பது மட்டுமே வருத்தம்.

பெட்டி பிரிக்காத அரிய கேமராவைப் பயன்படுத்தினால் விலை இறங்கும், உண்மைதான். மற்றவை சும்மா இருந்தால்தான் கெடுகின்றன. பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த ஒரு லைக்கா 3 என்னிடம் வந்தது. மேலே ஒரு கீறல் இல்லை. உள்ளே எண்ணெய் பிசினாகி, ஒரு நொடி வேகத்தில் ஷட்டர் பாதியில் நின்றது. தோல் உரிந்து, பித்தளை தெரியும் என் இன்னொரு லைக்கா மாதம் ஒரு சுருளாவது ஓடுகிறது. அதற்கு அந்த நோய் வரவில்லை. நான் முதலில் கையில் எடுப்பதும் அதைத்தான். ஒன்று மட்டும்: மூடியில்லாத லென்ஸைச் சூரியனை நோக்கி வைத்துவிடாதீர்கள். லைக்காவின் துணி ஷட்டரில் ஓட்டை விழுந்துவிடும்.

வாங்கும் முன் கேமராவை ஓர் இரவுக்குக் கேட்டுப் பெறுங்கள். தூரத்தை முடிவிலியில் வைத்து நிலவைப் பாருங்கள். இரண்டு நிலவுகள் தெரிந்தால் சீரமைக்க வேண்டியிருக்கும். இரண்டாவது பிம்பமே மங்கிக் கிடந்தால் உள்ளிருக்கும் கண்ணாடியின் பூச்சு போய்விட்டது. அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டு விலை பேசுங்கள்.