சம்பளத்தை விட்டுச் சொந்தத் தொழிலுக்கு: வடசென்னைக் கேள்விகளும் பதில்களும்

ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவிலிருந்து விலகி, பழைய வண்ணாரப்பேட்டையில் துணிப்பைகளுக்கும் டி-ஷர்ட்டுகளுக்கும் அச்சிடும் பட்டறை ஒன்றை, அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து, அவர்களைக் கொண்டே நடத்தி வருகிறேன். படம், எழுத்து, துணி என்று ஏதோ ஒரு கலையைக் கொண்டு ஊருக்கும் பயன்பட வேண்டும், தாமும் பிழைக்க வேண்டும் என்று எண்ணுவோர் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டேன். சட்டமும் வரியும் பற்றி நான் சொல்வது பொதுவான அறிமுகமே. எதிலும் கையெழுத்திடும் முன் ஓர் ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி (கொடுங்கையூர்): அக்கா, நிறுவனம் ஒன்றில் கிராஃபிக் டிசைனராக நான்கு ஆண்டு ஏழு மாதமாக இருக்கிறேன். வியாசர்பாடியில் சிறிய ஸ்டுடியோ தொடங்கி, அங்குள்ள பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து, அவர்களோடு சேர்ந்து வேலை எடுத்துச் செய்ய ஆசை. இந்த மாதமே ராஜினாமா கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம், தம்பி. நிரந்தர ஊழியர் ஒருவர் ஐந்து ஆண்டு தொடர்ந்து பணியாற்றியிருந்தால், தாமாக விலகினாலும் அவருக்குக் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து உங்களுக்கு 26,000 ரூபாய் என்றால் ஐந்தாண்டுக்கு 75,000 ரூபாய் வரும். நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அந்தத் தீர்ப்பைக் காட்டி மனிதவளப் பிரிவோடு மல்லுக்கு நிற்பதைவிட ஐந்து மாதம் பொறுப்பது மேல். நோட்டீஸ் காலமும் பணிக்காலத்தில் சேரும் என்பதால், கடைசி வேலை நாள் ஐந்தாண்டு நிறைவைத் தாண்டும்படி கடிதத்தின் தேதியைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

சம்பளத்துக்காக நிறுவனத்தில் வரைந்தவை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி நிறுவனத்துக்கே சொந்தம். ஆகவே பென் டிரைவில் எதையும் அள்ளிக்கொண்டு வராதீர்கள். விலகிய பின் இதே தொழிலைச் செய்யக் கூடாது என்று பணி ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், அந்த நிபந்தனை 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. பணியில் இருக்கும்போதே வெளிவேலை எடுப்பது வேறு சங்கதி, அதற்கு ஒப்பந்தம் தடை போடலாம்; படித்துப் பாருங்கள்.

கேள்வி (எர்ணாவூர்): தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பகுதி மீனவப் பிள்ளைகளுக்குத் தமிழில் படக்கதைப் புத்தகங்களும் கதை வகுப்புகளும் செய்ய விரும்புகிறேன். பெற்றோரால் கட்டணம் கொடுக்க முடியாது. இலவசமாக நடத்தினால் எத்தனை காலம் தாங்கும், அக்கா?

பதில்: உங்கள் சேமிப்பு உள்ள வரை தாங்கும், அதற்கு மேல் தாங்காது. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கின்றன என்பதால் சற்று விரித்தே சொல்கிறேன். நோக்கமுள்ள தொழிலில் பயன்பெறுபவர் ஒருவராகவும் பணம் கொடுப்பவர் இன்னொருவராகவும் இருப்பது வழக்கம். அதை முதலிலேயே ஒப்புக்கொள்ளாதவர்கள், கொடுக்க இயலாதவரிடம் கூச்சத்தோடு கொஞ்சம் கேட்டு, கொடுக்கக் கூடியவரிடம் கேட்கவே செய்யாமல், இரண்டு பக்கமும் இழக்கிறார்கள்.

உங்களுக்குப் பணம் கொடுக்கக் கூடியவர் யார்? பெரம்பூரிலும் அண்ணா நகரிலும் உள்ள பள்ளிகள் கதைப் பயிலரங்குக்குக் கட்டணம் கொடுக்கும். பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புத்தகம் தேடும் நகரத்துப் பெற்றோரும் வெளிநாட்டுத் தமிழரும் விலை கொடுத்து வாங்குவார்கள். அந்த வருமானத்தில் ஒரு பங்கு எர்ணாவூர் வகுப்புக்கு என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; மிச்சமானால் செய்யலாம் என்று விட்டால் எந்த மாதமும் மிச்சமாகாது. வகுப்பில் கதை சொல்ல வரும் மீனவப் பெண்களுக்குக் கூலி கொடுத்துவிட்டுத்தான் உங்கள் பங்கை எடுக்க வேண்டும். சேவைதானே என்று அவர்களைச் சும்மா வரச்சொல்லும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை.

புத்தகத்தின் பக்கக் கணக்கு அச்சகத்தின் ஃபாரத்துக்கு, அதாவது ஒரே பெரிய தாளில் சேர்த்து அச்சடிக்கும் பக்கங்களின் தொகுதிக்கு, ஒத்துவர வேண்டும். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்று வைத்தால் 16 அல்லது 32 பக்கத்தில் கதையை முடியுங்கள். 19 பக்கத்துக்கு எழுதினால் வெற்றுத்தாளுக்கும் காசு கொடுக்க நேரும். தாளை நீங்களே ஆண்டர்சன் தெருவில் விசாரித்து, தடிமனைக் கையால் தொட்டுப் பார்த்த பின் அச்சகத்திடம் விலை கேளுங்கள். பள்ளிகள் ஜூனில் திறக்கின்றன, சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியை ஒட்டி நடக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே கைவறட்சியான மாதங்கள் இருக்கும். முகம் தெரியாத ஒரு பள்ளி முழுக் கட்டணம் கொடுத்து அழைத்து, அடுத்த பருவத்துக்கும் அதுவாகவே அழைக்கும் வரை ஆசிரியப் பணியை விடாதீர்கள். தோழியின் பள்ளி அழைத்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கேள்வி (ராயபுரம்): அறக்கட்டளையாகப் பதிவதா, கம்பெனியாகவா, அல்லது தனி உரிமையாளராகத் தொடங்கினால் போதுமா?

பதில்: நன்கொடையை நம்பாமல் விற்பனையை நம்பும் தொழில் என்றால் தனி உரிமையாளராகவே தொடங்குங்கள், நோக்கம் நல்லது என்பதற்காக அறக்கட்டளையாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவில் பதியும் நிறுவனம் லாபத்தைப் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. சங்கமாகப் பதிய, தமிழ்நாட்டின் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏழு பேராவது வேண்டும். அந்த ஏழு பேரும் பொதுக்குழுவுக்கு ஒழுங்காக வருவார்களா என்று யோசித்துவிட்டு இறங்குங்கள்.

கேள்வி (எண்ணூர்): நான் ஒளிப்படக்காரன். கொசஸ்தலை ஆற்றையும் முகத்துவார மீனவர் வாழ்க்கையையும் ஆவணப்படுத்தி, கண்காட்சியாகவும் பள்ளிப் பாடமாகவும் கொண்டுபோக வேண்டும். இப்பகுதித் தொழிற்சாலை ஒன்று சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) நிதி தரத் தயாராக இருப்பதாகச் சொல்கிறது. வாங்கலாமா, அக்கா?

பதில்: முதலில் நடைமுறை. தனி உரிமையாளர் ஒருவர் சி.எஸ்.ஆர். திட்டத்தை நேரடியாக ஏற்று நடத்த முடியாது, பொதுவாக, சி.எஸ்.ஆர்-1 படிவத்தில் பதிந்த அறக்கட்டளை, சங்கம், 8ஆம் பிரிவு நிறுவனம் போன்றவற்றின் வழியாகத்தான் பணம் வரும். அப்படிப்பட்ட அமைப்பு ஒன்று திட்டத்தை ஏற்று, உங்களை ஒளிப்படக்காரராக அமர்த்தி, பில்லுக்குப் பணம் தரலாம்.

வாங்கலாமா என்பது நடைமுறைக்கு அப்பாற்பட்டது. 2023 டிசம்பரில் எண்ணெய் படிந்த ஆற்றைப் பார்த்த மக்களிடம்தான் நீங்கள் கேமராவோடு போகப்போகிறீர்கள், படத்தின் கீழே யார் பெயர் இருக்கிறது என்று அவர்கள் நிச்சயம் பார்ப்பார்கள். நீங்கள் எதை ஆராய்கிறீர்களோ அதற்கு அந்தத் தொழிற்சாலை சம்பந்தப்பட்டதாக இருந்தால், என் கருத்தில், வாங்கக் கூடாது. சம்பந்தமே இல்லை என்றால், எந்தப் படம் வைப்பது என்ற முடிவு உங்களுடையதே என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டு பேசுங்கள். கல்யாணம், கம்பெனி நிகழ்ச்சி என்று எடுத்து அந்த வருமானத்தில் ஆற்றுக்குப் போவது மெதுவான வழிதான், ஆனால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி (தண்டையார்பேட்டை): வடசென்னையின் குத்துச்சண்டை, கேரம், கானா இவற்றை வரைந்து டி-ஷர்ட்டில் அச்சிட்டு விற்கிறேன். டி-ஷர்ட் 180 ரூபாய், அச்சுக்கூலி 40, கவரும் டேகும் 10; 300 ரூபாய்க்கு விற்றால் 70 நிற்கிறது. நண்பர்கள் விலை அதிகம் என்கிறார்கள்.

பதில்: அதிகமில்லை, குறைவு. இரண்டு நிற அச்சு என்றால் நிறத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்கிரீன் (மை இறங்கும் வலைச் சட்டம்) போட வேண்டும். ஒன்றுக்கு 400 என்றால் 800 ரூபாய். நீங்கள் இருபது உருப்படி போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டி-ஷர்ட்டும் கூலியும் 4,400, ஸ்கிரீனோடு 5,200. நிறத்தோடு நிறம் பொருந்தாமல் ஒன்று, மை கசிந்து ஒன்று என இரண்டு கழிந்தால் விற்கக் கிடைப்பது பதினெட்டு. ஒன்றின் அடக்கம் 289, கவரும் டேகும் சேர்த்து 299. நூறு உருப்படி போட்டால் ஸ்கிரீன் செலவு ஒன்றுக்கு எட்டு ரூபாயாகக் குறையும் என்பது உண்மைதான். நூறும் விற்க வேண்டுமே! வரைய ஆன நேரம், கடைக்காரர் கமிஷன், கூரியர் எதையும் நீங்கள் சேர்க்கவில்லை.

அச்சுக்கூலியிலும் பேரம் பேசாதீர்கள். பிளாஸ்டிசால் மை ஏறக்குறைய 160 டிகிரி வெப்பத்தில் வெந்தால்தான் துணியில் நிற்கும். அவசரத்தில் வேகாமல் எடுத்த அச்சு இரண்டு சலவையில் வெடித்துவிடும், திட்டு உங்கள் பெயருக்கு வரும். சரக்கு வாங்கும் முன், அச்சான துணியை இரு கைகளாலும் இழுத்துப் பாருங்கள். ஜி.எஸ்.டி. பற்றி ஒரு வார்த்தை: தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம், வெளிமாநிலத்துக்கு அனுப்புவதென்றால், கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, முதல் உருப்படிக்கே பதிவு வேண்டும்.

கேள்வி (காசிமேடு): சுவரோவியம் வரைகிறோம். ஒரு நிறுவனம் வேலையை வாங்கிக்கொண்டு மூன்று மாதமாகப் பணம் தரவில்லை.

பதில்: சிறுதொழில்களைப் பதியும் மத்திய அரசின் உதயம் தளத்தில் பதிந்திருக்கிறீர்களா? ஆதாரும் பானும் போதும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் இடைத்தரகருடையது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும்; தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வேலை எடுக்கும் முன்பே பதிந்திருந்தால் உரிமை உறுதியானது, பிறகு பதிந்தால் வழக்காடும்போது சிக்கல் வரும். புகார் கொடுக்கும் முன் இந்த விதியைச் சுட்டி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், பல நேரங்களில் அதிலேயே காரியம் நடந்துவிடும். இனி பாதிப் பணம் வராமல் பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.

கேள்வி (பெரம்பூர்): அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். நிலையான சம்பளத்தை விடக் கூடாது என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: பின்னி ஆலை மூடியதைப் பார்த்த ஊர் இது, எது நிலையானது என்று அவருக்கும் தெரியும். அவருடைய பயம் பெரும்பாலும் ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றியதாக இருக்கும். அவருக்கும் அம்மாவுக்கும் ரயில்வே மருத்துவமனை வசதி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, உங்களுக்கும் மனைவி மக்களுக்கும் அலுவலகக் காப்பீடு முடியும் முன்பே தனிப் பாலிசி எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டு வரை இருக்கலாம். பாலிசியையும், ஓராண்டு வீட்டுச் செலவுக்கான வைப்புத்தொகை ரசீதையும் அவர் கையில் கொடுத்த பிறகு பேச்சைத் தொடங்குங்கள்.

கேள்வி (புளியந்தோப்பு): மானியக் கடன் வாங்கி வேலையை விடலாமா?

பதில்: வேலையில்லா இளைஞர்களுக்கான மாநில அரசுத் திட்டத்தில் 15 லட்சம் ரூபாய் வரை செலவாகும் தொழிலுக்கு 25 விழுக்காடு, அதிகபட்சம் 3.75 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மானியம் மூன்றாண்டு வங்கியிலேயே வைப்பாக இருக்கும், உங்கள் கைக்கு வராது; அதை நம்பி வாடகைக்கு இடம் பிடிக்காதீர்கள். இயந்திரம் வாங்கக் கடன் வாங்கலாம், மாதச் சம்பளம் கொடுக்கக் கடன் வாங்கக் கூடாது. பொதுவாக இத்திட்டங்கள் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கே என்பதால், இயந்திரத்தை வாங்கிப் போட்டுவிட்டு விண்ணப்பித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்; கொட்டேஷனை மட்டும் வாங்கி இணைத்து, கடன் அனுமதி வந்த பிறகு முன்பணம் கட்டுங்கள்.