சபையில் உறுப்பினராவது: கேள்விகளும் பதில்களும்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து வாசகர்களின் கேள்விகளுக்கு, தென்னிந்தியத் திருச்சபையின் சபையொன்றில் பல ஆண்டுகள் செயலராகப் பணியாற்றியவர் பதிலளிக்கிறார்.

ஐயா, ஸ்தோத்திரம். கணவரின் பணி மாறுதலால் திருநெல்வேலியிலிருந்து காரைக்குடிக்கு வந்து ஓராண்டாகிறது. ஞாயிறு ஆராதனைக்குத் தவறுவதில்லை. தனியாகப் பெயர் சேர்க்கத்தான் வேண்டுமா?

வேண்டும், சகோதரி. ஆராதனைக்கு வருகிற எவரையும் சபை வரவேற்கிறது. உறுப்பினரையோ தன் பொறுப்பாகவே ஏற்றுக்கொள்கிறது. நீங்கள் சில வாரங்கள் வராதபோது, ஊருக்குப் போயிருப்பார்கள் என்று எண்ணி விட்டுவிடாமல், நலம் விசாரிக்க ஆயர் வீடு தேடி வருவது அந்தப் பொறுப்பினால்தான். முந்தைய சபையின் ஆயரிடம் மாறுதல் கடிதம் பெற்று வந்து இங்குள்ள ஆயரிடம் கொடுங்கள். குடும்பத்தில் யாருக்கு ஞானஸ்நானமும், ஞானஸ்நானம் பெற்றவர் தம் விசுவாசத்தைத் தாமே அறிக்கையிடும் திடப்படுத்தலும் ஆகியிருக்கின்றன என்பதையும் அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். திருமணத்தைச் சபையில் முன்னறிவிக்கும் ஓலையை வாசிப்பதற்கும் கல்லறைத் தோட்டத்தில் இடம் பெறுவதற்கும் இந்தப் பதிவு பின்னாளில் உதவும் என்பது உண்மையே. ஆயினும் அவற்றுக்காக மட்டும் பெயர் சேர்ப்பவர்களைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நான் நகரத்தார் குடும்பத்தில் பிறந்தவன். கிறிஸ்துவை விசுவாசிக்கிறேன், வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சபையில் சேர என்ன வழி?

தம்பி, ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றில் புள்ளியாக இருப்பது என்னவென்று நீங்கள் அறிவீர்கள். மணமான ஒவ்வொரு தம்பதியும் அங்கே ஒரு புள்ளி. அவர்களுக்கு வரியும் உண்டு, உரிமையும் உண்டு. பெயர் எழுதப்பட்டு, பொறுப்போடு ஓரிடத்தைச் சேர்ந்திருப்பது சபையிலும் அப்படித்தான். ஆனால் அங்கே பிறப்பும் மணமும் தருகிற இடத்தை, இங்கே ஒவ்வொருவரும் தம் வாயால் விசுவாசத்தை அறிக்கையிட்டே பெற வேண்டும். நம் வட்டாரச் சபைகள் அடங்கிய மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தில் இது அழுத்தமாகவே கற்பிக்கப்பட்டிருக்க வேண்டிய ஒன்று. ஏனெனில் 1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனின் சபை மரபு, விசுவாசிகள் ஒருவரோடொருவர் செய்துகொள்ளும் உடன்படிக்கையையே சபையின் அடிப்படையாகக் கொண்டது.

முதலில் ஆயரைத் தனியே சந்தித்துப் பேசுங்கள். விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றை அவர் பொறுமையாகக் கற்பிப்பார். அதற்குள் பெற்றோரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். மகன் ஞானஸ்நானம் பெற்ற செய்தி மூன்றாம் மனிதர் வாயிலாக ஆத்தாளின் காதுக்குப் போகக்கூடாது. வீட்டில் முன்னோருக்குப் படையலிடும் படைப்பு நடக்கும் நாளில் எதில் கலந்துகொள்ளலாம், எதில் இயலாது என்பதையும் ஆயரோடு முன்கூட்டியே பேசித் தெளியுங்கள். வழிபாட்டில் பங்கேற்க இயலாதவர் பெற்றோருக்குச் செய்யும் கடமையிலிருந்து விலக வேண்டியதில்லை.

பட்டியல் சாதியைச் சேர்ந்த இந்து நான். அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கிறேன். ஞானஸ்நானம் பெற்றால் சாதிச் சான்றிதழ் என்னவாகும்?

1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி, பின்னர் 1956இலும் 1990இலும் செய்யப்பட்ட திருத்தங்களையும் சேர்த்து, இந்துக்கள், சீக்கியர்கள், பௌத்தர்கள் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். கிறிஸ்தவராக மாறியவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெறுகிறார். இந்த இழப்பு சிறிதன்று. இதை அநீதி என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் ஞானஸ்நானம் பெற்றபின் அதை மறைத்துப் பழைய சான்றிதழைப் பயன்படுத்தாதீர்கள். இதை எடுத்துச் சொல்லாமல் உங்களை ஞானஸ்நானத்திற்கு அவசரப்படுத்தும் எந்தச் சபையும் உங்களுக்கு நேர்மை செய்யவில்லை.

சபைக்குச் சந்தா கட்ட வசதியில்லை. அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில் பங்கு பெறலாமா?

பெறலாம். சந்தா நிலுவை சபைத் தேர்தலில் வாக்களிக்கத் தடையாகலாம். கர்த்தருடைய பந்திக்குத் தடையாகாது. நிலைமையை ஆயரிடம் சொல்லிவிடுங்கள்.

தேர்தல் சச்சரவுகளைக் கண்டு மனம் கசந்து, இப்போது யூடியூபில் ஆராதனை பார்க்கிறேன். இது போதாதா?

உங்கள் கசப்பு நியாயமானது. அந்தச் சச்சரவுகளால் பலர் விலகிப் போனதை நானும் பார்த்திருக்கிறேன். ஆயினும் ஆதிச் சபையார் உபதேசத்தோடு அந்நியோந்நியத்திலும் அப்பம் பிட்குதலிலும் உறுதியாய்த் தரித்திருந்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 2:42 கூறுகிறது. உபதேசம் கைபேசியில் கிடைக்கும். மற்ற இரண்டுக்கும் மனிதர்கள் அருகில் வேண்டும். உடனே பெரிய ஆராதனைக்கு வர மனமில்லையெனில், உங்கள் தெருவில் நடக்கும் வீட்டு ஜெபக் கூட்டத்திற்கு முதலில் வாருங்கள்.

அழகப்பா பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு படிக்க வந்திருக்கிறேன். பெயரை இங்கே மாற்ற வேண்டுமா?

தேவையில்லை, பெயர் சொந்த ஊர்ச் சபையிலேயே இருக்கட்டும். இங்குள்ள ஆயரிடம் அறிமுகம் செய்துகொண்டு, பாடகர் குழுவிலோ ஓய்வுநாள் பள்ளியிலோ ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள்.