மேக்ரோபயாடிக் சாப்பாடு: நம்மூர் அடுக்களையிலிருந்தே தொடங்கலாம்

நாகர்கோவில்: மேக்ரோபயாடிக் சாப்பாட்டுக்கு மிசோ, நோரி எல்லாம் ஆன்லைன்ல வாங்கணுமா சார்?

வேண்டாம். மிசோ என்பது புளிக்கவைத்த சோயா விழுது, நோரி என்பது காயவைத்த கடற்பாசித் தாள். ஜப்பானின் ஜார்ஜ் ஒசாவா (1893–1966) பரப்பிய முறை இது. முழுத்தானியம், உள்ளூர் விளைச்சல், அந்தந்தப் பருவத்துக் காய், நன்றாக மென்று தின்பது, இவைதான் அடிப்படை. சாப்பாட்டில் சுமார் பாதி தானியம், கால் பங்குக்குச் சற்று மேல் காய்கறி, பத்தில் ஒரு பங்கு வரை பயறு. தீட்டாத சம்பா அரிசிக் கஞ்சி, சிறுபயறு, கீரைத் துவரன் (தேங்காய்ப் பொரியல்) வைத்தாலே கணக்கு ஏறக்குறைய வந்துவிடும். மிசோ அவர்களுக்கு உள்ளூர்ச் சரக்கு. நாம் அதைக் கடல் கடந்து வரவழைப்பது அந்த முறைக்கே பொருந்தாது.

மார்த்தாண்டம்: தீட்டாத அரிசி வெந்தும் கடுக்குன்னு இருக்கு. வயிறும் ஊதுது.

தவிட்டுத் தோல் தண்ணீரை மெல்லத்தான் உள்ளே விடும். எட்டு மணி நேரமாவது ஊற வையுங்கள். குக்கரில் 1 கப் அரிசிக்கு 3 கப் தண்ணீர். முதல் விசில் வந்ததும் சிம்மில் 20 முதல் 25 நிமிடம், பிறகு ஆவி தானாக அடங்கட்டும். ஒரு பருக்கையை நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் பொட்டு நின்றால் அரை கப் கொதிநீர் விட்டு இன்னும் 5 நிமிடம் வையுங்கள்.

வயிறு ஊதுவது பெரும்பாலும் ஒரேயடியாக மாறுவதாலும் மெல்லாமல் விழுங்குவதாலும்தான். முதல் இரண்டு வாரம் வெள்ளை அரிசியோடு பாதிக்குப் பாதி சாப்பிடுங்கள். ஒரு வாய்க்கு 30 தடவையாவது மெல்ல வேண்டும். காணம் (கொள்ளு), பெரும்பயறு (தட்டைப்பயறு) ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். புளியை முன்னாலேயே விட்டால் பயறு வேகாது.

தவிட்டில் எண்ணெய் உண்டு, வைத்திருந்தால் காறிப்போகும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.

குளச்சல்: மீனை விட்டுரணுமா?

விடாதீர்கள். இந்த முறையே வாரத்தில் சில நாள் மீனை அனுமதிக்கிறது. மீன், முட்டை, பால் மூன்றையும் ஒதுக்கினால் வைட்டமின் பி12 குறையும், அதற்குக் கடற்பாசியை நம்ப முடியாது. சாளை (மத்தி) மீனில் பி12, வைட்டமின் டி இரண்டும் உண்டு. பொரிக்காமல் குழம்பு வையுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கண்டிப்பான மேக்ரோபயாடிக் கூடவே கூடாது.

தக்கலை: தேங்காய், மரச்சீனி, கத்தரிக்காய் எல்லாம் விலக்காமே?

தேங்காய் விலக்கு குளிர்நாட்டுக்காரருக்கு. நமக்கு அளவாகச் சேரும். கத்தரி, தக்காளி, மிளகாயை ஒதுக்கச் சொல்வதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, ஒத்துக்கொண்டால் சாப்பிடுங்கள். மரச்சீனி (மரவள்ளி) கிழங்குதான், தானியத்துக்கு ஈடாகாது, புரதம் மிகக் குறைவு. வேகவைத்த தண்ணீரைக் கட்டாயம் வடித்துவிடுங்கள்.

இரணியல்: இப்படிச் சாப்பிட்டா சுகர் மாத்திரையை நிறுத்தலாமா? கேன்சரும் குணமாகும்ங்காவ.

இரண்டும் ஆபத்து. கேன்சரைக் குணமாக்கும் என்பதற்கு நிரூபணம் கிடையாது. வெறும் தானியம் மட்டும் தின்னும் ஒசாவாவின் ஏழாம் எண் முறையால் 1960களில் அமெரிக்காவில் உயிரே போயிருக்கிறது. நார்ச்சத்து கூடுவதும் சர்க்கரை, மைதா குறைவதும்தான் உண்மையான பலன். சம்பா சோறும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும், அதனால் அளந்தே சாப்பிடுங்கள். சாப்பாட்டை மாற்றும் நாட்களில் சர்க்கரையை அடிக்கடி சோதித்து, அந்த அளவை டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் முடிவு.