ஸ்படிகம் என்று சொல்லிக் கண்ணாடியைக் கொடுத்தால்

கேள்வி: ஜார்ஜ்டவுன் கடையொன்றில் விரல்நுனி அளவுள்ள 30 ஸ்படிகக் கற்களை, கல் 45 ரிங்கிட் வீதம் 1,350 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். பில்லில் ‘இயற்கைப் படிகம், இமயமலை’ என்று எழுதியிருக்கிறது. சில கற்கள் கண்ணாடி, மற்றவையும் பத்து ரிங்கிட் பெறாது என்கிறார் நண்பர். கடைக்காரரோ, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார். நான் என்ன செய்யலாம்? – பட்டர்வொர்த் வாசகர்

பதில்: நீங்கள் கோரிக்கை தொடுக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் கலந்து கிடக்கின்றன. சொன்ன பொருள் வேறு, கொடுத்த பொருள் வேறு என்பது ஒன்று. விலை அதிகம் என்பது மற்றொன்று. சட்டம் முதலாவதற்குத்தான் துணை நிற்கும். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஆம் பிரிவு நியாய விலையைப் பற்றிப் பேசினாலும், அது விலை பேசி முடிக்காத இடத்துக்கே பொருந்தும். நீங்கள் 45 ரிங்கிட்டுக்கு ஒப்புக்கொண்டு வாங்கியவர். ஆகவே 34ஆம் பிரிவைப் பிடியுங்கள்: விற்ற பொருள் அதைப் பற்றிச் சொன்ன விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். பொய்யான விவரிப்பை 10ஆம் பிரிவு தடுக்கிறது. பில்லில் அச்சடித்த வரி இந்த உரிமைகளை அழிக்காது. ஒப்பந்தத்தில் எதை எழுதினாலும் சட்டமே மேலோங்கும் என்கிறது 6ஆம் பிரிவு.

இனி உங்கள் வழக்கு கற்களின் மேல்தான் நிற்கிறது. குவார்ட்ஸ், அதாவது ஸ்படிகக் கனிமம், கண்ணாடியைக் கீறும் என்று யாராவது சொன்னதைக் கேட்டுக் கற்களைக் கீறிப் பார்க்காதீர்கள். வாங்கிய பிறகு உங்கள் கையில் சேதமான பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விடும். முனை உடைந்த படிகத்தின் விலையும் விழுந்துவிடும்.

சேதமில்லாத சோதனைகளே போதும். ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டுப் படமெடுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். உருண்டைக் குமிழிகள் சிதறிக் கிடந்து, சர்க்கரைப் பாகு கலங்கியது போன்ற சுழிகளும் இருந்தால் பெரும்பாலும் கண்ணாடிதான். இதில் ஒரு பொறி உண்டு: இயற்கைப் படிகத்துக்குள் நீர் சிக்கிய குழியிலும் ஒரு குமிழி இருக்கலாம். ஒரே குமிழியை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்தது எடை. 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். கல்லை நூலில் கட்டிக் காற்றிலும் நீருக்குள்ளும் நிறுத்து, நீரில் எவ்வளவு எடை குறைந்ததோ அதனால் காற்றிலுள்ள எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 5.30 கிராம் கல் நீரில் 2.00 கிராம் குறைந்தால் 2.65, அதுதான் குவார்ட்ஸ். சன்னல் கண்ணாடி 2.5 அளவில் நிற்கும். ஒரு கிராமுக்கும் குறைந்த கல்லில் தராசின் பிழையே விடையைக் கெடுக்கும். சில கண்ணாடிகள் 2.65ஐயும் தொடும். ஆகையால் இதோடு ஒளிச் சோதனையையும் சேருங்கள்: மடிக்கணினியின் எல்சிடி திரையை வெள்ளையாக்கி, வெயிலுக்குக் கண்ணில் அணியும் போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடியைத் திரை இருளும் வரை திருப்பிப் பிடியுங்கள். இடையில் கல்லைப் படுக்கவைத்துச் சுழற்றினால், குவார்ட்ஸ் ஒரு முழுச் சுற்றில் நான்கு முறை ஒளிர்ந்து மங்கும். கண்ணாடி பொதுவாக இருண்டே கிடக்கும். முனை வழியாகப் பார்த்தால் குவார்ட்ஸிலும் இந்த மாற்றம் தெரியாது. பலரும் ஏமாறுவது அங்கேதான்.

‘இயற்கை’ என்ற சொல்லையும் சோதியுங்கள். இயற்கையாக வளர்ந்த படிகத்தின் ஆறு பக்கங்களில் குறுக்காக நுண்ணிய கோடுகள் ஓடுவது வழக்கம். உடைந்த குவார்ட்ஸை எந்திரத்தில் தேய்த்து முனை வைத்ததில் அந்தக் கோடுகள் இராது. அதில் கல் இயற்கையானது, வடிவம் செயற்கை. இமயமலையா பிரேசிலா என்பது பார்வையில் தெரியாது. அதை உங்கள் முதல் வாதமாக வைக்காதீர்கள். எங்கிருந்து வாங்கினீர்கள் என்று கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கல்லின் சந்தை விலை, இழப்பீட்டைக் கணக்கிட உதவும். அதே அளவு, அதே தெளிவு, முனை சேதமில்லாத மூன்று கற்களின் விற்பனை விலையைத் தேதியோடு அச்செடுத்து வையுங்கள். கல் எந்த ஊரில் கிடைத்தது என்று சொல்லும் சீட்டும், இரு பக்கமும் முனை இருப்பதும் விலையை ஏற்றும். சிதைந்த முனை இறக்கும். கண்ணாடியாகத் தேறியவற்றுக்கு முழுப் பணத்தையும் கேளுங்கள்.

தாமதிக்காமல், எந்தெந்த எண் கற்களை ஏன் திருப்பித் தருகிறீர்கள் என்று கடைக்கு எழுதி, 14 நாள் தவணை கொடுங்கள். பதில் இல்லையென்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் முதலாம் பாரத்தைத் தாக்கல் செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட். உச்சவரம்பு 50,000 ரிங்கிட். கால வரம்பு மூன்று ஆண்டு. அங்கே வழக்கறிஞர் வைக்க முடியாது, நீங்களே பேச வேண்டும். பெயர்ப்பலகையிலுள்ள பெயரை எழுதிவிடாமல், வணிகப் பதிவிலுள்ள பெயரையும் எண்ணையும் எழுதுங்கள். மறுவிற்பனைக்காக வாங்கியிருந்தால் இந்த மன்றத்துக்குப் போக முடியாது. 5,000 ரிங்கிட் வரையிலான சிறு கோரிக்கையை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தொடுக்கலாம்.

விசாரணை நாளில் கற்களை எண் வாரியாகப் பிரித்த டப்பாவில் கொண்டுபோங்கள், லென்ஸையும் மறக்காதீர்கள்.