ஹஜ்ரத்திடம் கேளுங்கள்: 26 பவுனும் ஒரு தூக்குச் சட்டியும்

அஸ்ஸலாமு அலைக்கும். ரமளான் நெருங்கினால் எனக்கு வருகிற கடிதங்களில் பாதி நகையைப் பற்றி, மீதி சர்க்கரை வியாதியைப் பற்றி. இந்த வருடமும் அப்படித்தான். நான் 31 வருடம் இமாமத் (பள்ளிவாசலில் தொழவைக்கும் பணி) செய்துவிட்டு, முட்டிவலியால் ஒதுங்கி, இப்போது நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிற ஆள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் ஊர் ஆலிமிடமும் (மார்க்க அறிஞரிடமும்) ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் பிறந்தது காயல்பட்டினம், வாழ்க்கைப்பட்டது திண்டுக்கல். என்னிடம் 26 பவுன் இருக்கிறது. 9 பவுன் போட்டிருக்கிறேன்; 17 பவுன் மகள் கல்யாணத்துக்கென்று லாக்கரில் கிடக்கிறது. போடுகிற நகைக்கு ஜகாத் (கட்டாய தர்மம்) இல்லை என்று உம்மா வீட்டில் சொல்வார்கள். மாமியார் வீட்டில் மொத்தத்துக்கும் கொடு என்கிறார்கள். கல்யாணமானதும் நானும் ஹனஃபி ஆகிவிட்டேனா? சம்பாத்தியம் இல்லாத நான் பணத்துக்கு எங்கே போவேன்? (ஒரு சகோதரி, திண்டுக்கல்)

ஆகவில்லை, மகளே. கழுத்தில் கருகமணி ஏறியதும் மத்ஹப், அதாவது நாம் பின்பற்றுகிற சட்டப் பிரிவு, மாறிவிடாது. மாமியார் வீடு ஹனஃபி, உம்மா வீடு ஷாஃபி. நீங்கள் ஷாஃபியாகவே இருந்துகொள்ளலாம்.

இரண்டு வீட்டாருமே ஆதாரத்தோடுதான் பேசுகிறார்கள். யமன் நாட்டுப் பெண் ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார். மகள் கையில் கனமான இரண்டு தங்கக் காப்புகள். "இதற்கு ஜகாத் கொடுக்கிறாயா?" என்று நபிகளார் கேட்டார்கள். இல்லை என்றார் அந்தத் தாய். "இவற்றுக்குப் பதிலாக நெருப்புக் காப்புகளை அல்லாஹ் உனக்கு அணிவிப்பது உனக்குப் பிடிக்குமா?" என்றதும் அந்தம்மா இரண்டையும் கழற்றி அங்கேயே வைத்துவிட்டார். இது அபூதாவூத் என்ற ஹதீஸ் நூலில் இருக்கிறது. உங்கள் மாமியார் வீட்டார் பிடித்திருப்பது இதைத்தான். இன்னொரு பக்கம், நபிகளாரின் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்கள் தம் சகோதரரின் அநாதைப் பெண்பிள்ளைகளை வளர்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் போட்டிருந்த நகைக்கு அவர்கள் ஜகாத் கொடுக்கவில்லை என்று முவத்தா என்ற ஹதீஸ் நூலில் வருகிறது. உங்கள் உம்மா வீட்டார் பேசுவது இதை வைத்து.

ஆனால் உம்மா வீட்டில் சட்டத்தின் முதல் பாதியை மட்டும் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஷாஃபி மத்ஹபில் விலக்கு இருப்பது போடுவதற்காக வைத்திருக்கும் நகைக்கு, அதுவும் ஊர் வழக்கத்தை மீறாத அளவுக்கு. விசேஷத்துக்கு மட்டும் எடுத்துப் போட்டாலும் அது போடுகிற நகைதான். நாளைக்கு உதவும் என்று சேமிப்பாகப் பூட்டி வைத்தது நகை உருவில் இருக்கிற பணம். உங்கள் லாக்கரில் கிடக்கும் 17 பவுன் அந்த ரகம். 17 பவுன் என்றால் 136 கிராம். ஜகாத் கடமையாகும் அளவு 20 மிஸ்கால்; ஏறக்குறைய 85 கிராம், ஊர்ப்பேச்சில் 11 பவுன் என்போமே, அது. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். பிறைக் கணக்கில் ஒரு வருடம் ஓடியிருந்தால் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 3.4 கிராம். அரைப் பவுன்கூட இல்லை! மாமியார் வீட்டுக் கணக்குப்படி 26 பவுனுக்கும் கொடுத்தாலும் 5.2 கிராம்தான். நடுவில் இருக்கிற வித்தியாசம் 1.8 கிராம். இதற்காகவா இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோக வேண்டும்?

எடை போடும்போது கல்லையும் உள்ளே இருக்கிற அரக்கையும் கழித்துவிடுங்கள். என் மனைவியின் பழைய அட்டிகையைத் தட்டானிடம் காட்டியபோது, தங்கம் என்று நாங்கள் நினைத்திருந்ததில் நல்ல பங்கு அரக்குதான் என்று தெரிந்தது. அவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பணம் யார் கொடுப்பது என்று கேட்டீர்கள். நகை உங்களுடையது, கடமையும் உங்களுடையது. உங்கள் மாப்பிள்ளை உங்களிடம் சொல்லிவிட்டுக் கொடுத்தால் நிறைவேறிவிடும், அது அவருடைய நல்ல குணம். கொடுக்கவில்லை என்றால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு சின்ன மோதிரத்தை விற்றுக் கொடுங்கள். அதே சட்டப்படி, உங்கள் நகையை உங்களைக் கேட்காமல் அடகு வைக்கிற உரிமை அவருக்குக் கிடையாது. இதை நீங்கள் கேட்கவில்லை. சொல்லி வைப்போமே என்று சொன்னேன்.

கேள்வி: உம்மாவுக்கு 74 வயது. தினமும் இரண்டு வேளை இன்சுலின். நோன்பு கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "60 வருஷமா விட்டதில்லை, இப்ப விட்டா என் மவுத்து எப்படி இருக்கும்" என்று அழுகிறார்கள். ஊசி நோன்பை முறிக்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஊசி போட்டுக்கொண்டே பிடிப்பேன் என்கிறார்கள். (ஒரு வாசகர், இராமநாதபுரம்)

தம்பி, இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் உம்மாவும் இப்படித்தான். ஒரு ரமளானில் 19ஆம் நோன்பு. அஸர் (மாலைத் தொழுகை) தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தால் அடுப்பங்கரையில் உம்மா விழுந்து கிடந்தார்கள். நெற்றியெல்லாம் வேர்வை, கை ஜில்லென்று இருந்தது. பக்கத்தில் கஞ்சிக்கு அரிந்த சின்ன வெங்காயம் சிதறிக் கிடந்தது. நான் மடியில் தூக்கி வைத்துச் சீனித்தண்ணீரைக் கரண்டியால் புகட்டினேன். கண் திறந்ததும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "பாங்கு சொல்லியாச்சா?" என்றுதான். அன்றைக்கு வரை, பெரியவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் சட்டம் சொல்கிறவன் வீட்டில் சொல்லவில்லை. குற்றம் என்னுடையதுதான்.

ஊசி விஷயம் உண்மை. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, சத்து ஏற்றுவதற்காக அல்லாமல் மருந்துக்காகப் போடுகிற ஊசி நோன்பை முறிக்காது என்று முடிவு செய்தது. விரலில் குத்தி ரத்தம் பார்ப்பதும் முறிக்காது. ஆனால் ஊசியால் நோன்பு முறியாது என்பது வேறு, இந்த உடம்புக்கு நோன்பு ஆகுமா என்பது வேறு. இரண்டாவது கேள்விக்குப் பதில் டாக்டரிடம் இருக்கிறது, அவர் சொல்லிவிட்டார். நோயாளியைப் பற்றிப் பேசுகிற அதே வசனத்தில் (2:185) அல்லாஹ் உங்களுக்கு எளிதையே நாடுகிறான், சிரமத்தை நாடவில்லை என்றும் வருகிறது. உம்மாவிடம் அதை ஓதிக் காட்டுங்கள்.

அப்புறம் அனஸ் (ரலி) அவர்களின் சங்கதியையும் சொல்லுங்கள். பத்து வருடம் நபிகளாரின் பக்கத்திலேயே இருந்து பணிவிடை செய்தவர். தள்ளாத வயதில் நோன்பு நோற்க முடியாமல் போனபோது, ஓராண்டோ ஈராண்டோ, ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்கு ரொட்டியும் இறைச்சியும் கொடுத்தார். புகாரி என்ற ஹதீஸ் நூலில் இருக்கிறது. அவருக்கு ஆன வழி உங்கள் உம்மாவுக்கு ஆகாதா?

குணமாகிற வியாதி என்றால் விட்ட நோன்பைப் பிறகு நோற்று களா செய்ய வேண்டும். இது அப்படிப்பட்டதல்ல. அதனால் ஃபித்யா, அதாவது நோன்புக்குப் பதிலாக ஏழைக்குக் கொடுக்கும் உணவு, போதும். ஷாஃபி வழக்கில் நாளொன்றுக்கு ஒரு முத்து (ஒரு பழைய அரபு முகத்தல் அளவை) அரிசி. முக்கால் கிலோ என்று வைத்துக்கொண்டால் குறை வராது. 30 நோன்புக்கு 22.5 கிலோ. முழுவதையும் ஒரே ஏழை வீட்டுக்குக் கொடுத்தாலும் சரிதான். ஹனஃபியாக இருந்தால் நாளொன்றுக்கு ஒரு ஃபித்ராவின் (பெருநாள் தர்மத்தின்) அளவு. அரிசியை உம்மா கையாலேயே அளக்கச் சொல்லுங்கள். என் உம்மா கடைசி நான்கு ரமளானும் உழக்கை வைத்துக்கொண்டு தாமே அளந்தார்கள், ஒரு மணியைக் கீழே விடமாட்டார்கள். ஸஹருக்கு (விடியலுக்கு முந்தைய சாப்பாட்டுக்கு) எல்லோரோடும் எழுந்து உட்கார்ந்தும் இருப்பார்கள். யார் தடுத்தது?

கேள்வி: எங்கள் பள்ளிவாசலில் தண்ணீர்ப் பஞ்சம். அழுத்தினால் கொஞ்சமாக வந்து தானே நின்றுவிடுகிற குழாய் மாட்டலாம் என்று நிர்வாகம் சொன்னது. அவ்வளவு தண்ணீரில் ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) சேராது என்று பெரியவர்கள் சண்டை போடுகிறார்கள். (ஜமாஅத் உறுப்பினர் ஒருவர், சென்னை)

தாராளமாக மாட்டுங்கள். நபிகளார் ஒரு முத்து தண்ணீரில் ஒளு செய்தார்கள், நான்கு அல்லது ஐந்து முத்தில் குளித்தார்கள் என்று அனஸ் (ரலி) சொல்வது புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு ஹதீஸ் நூல்களிலும் இருக்கிறது. ஒரு முத்து என்றால் முக்கால் லிட்டருக்கும் குறைவு. ஓடுகிற ஆற்றில் இருந்தாலும் வீணாக்காதே என்ற ஹதீஸை எல்லா மேடையிலும் சொல்கிறோம். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனம். இந்த அனஸ் ஹதீஸே நமக்குப் போதும்.

உங்கள் கடிதம் வந்த அன்று நானே அளந்து பார்த்தேன். குழாய்க்குக் கீழே வாளியை வைத்து வழக்கம்போல ஒளு செய்தேன். வாளியில் ஆறு லிட்டர்! மிஸ்வாக் செய்கிற (பல் துலக்குகிற) நேரம் முழுக்கக் குழாய் சும்மா ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அடுத்த வக்துக்கு (தொழுகை நேரத்துக்கு) ஒரு செம்பில் ஒரு லிட்டர் எடுத்துக்கொண்டேன். ஒவ்வோர் உறுப்பையும் மும்மூன்று தடவை கழுவியும் அடியில் கொஞ்சம் மிஞ்சியது. பெரியவர்கள் கையில் ஒரு செம்பைக் கொடுத்துப் பாருங்கள். மூன்றுக்கு மேல் கழுவுவது மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது) என்பதையும் மெதுவாகக் காதில் போடுங்கள். மெதுவாக.

கேள்வி: மாதம் ஒரு தடவை சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ராத்திரி பஸ்ஸில் போகிறேன். சுபுஹு (அதிகாலைத் தொழுகை) தவறிப்போகிறது. (மாணவர் ஒருவர்)

இஷாவை (இரவுத் தொழுகையை) சாப்பாட்டுக்கு நிறுத்துகிற இடத்தில் கஸ்ராக, அதாவது பயணிக்கான சுருக்கமாக, இரண்டு ரக்அத் தொழுதுவிடலாம். சுபுஹை எதனோடும் சேர்க்க முடியாது. பஸ் ஏறும்போதே டிரைவரிடம் சொல்லி வையுங்கள். நான் போனபோது கோவில்பட்டிக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தி, "சீக்கிரம் முடிங்க பாய், நானும் ஒரு டீ அடிச்சுக்கிறேன்" என்றார். ஐந்து நிமிடம்தான். ஒளுவுக்குக் கையில் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கட்டும். நிறுத்தவே மாட்டேன் என்கிற டிரைவர் வாய்த்தால் வக்து போவதற்குள் சீட்டில் இருந்தபடியே தொழுதுவிட்டு, இறங்கியதும் திருப்பித் தொழுங்கள்.

கேள்வி: நாங்கள் இந்துக்கள். பள்ளிவாசலுக்கு எதிர்த் தெரு. நோன்புக் கஞ்சி வாங்க எங்கள் பிள்ளைகளை அனுப்பலாமா? நோன்பு இல்லாதவர்கள் குடித்தால் தப்பா? (ஒரு தாய், தஞ்சாவூர் மாவட்டம்)

தப்பே இல்லை அம்மா, அனுப்புங்கள். நபித்தோழர் அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, "நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா?" என்றுதான் கேட்டார்கள். எங்கள் பள்ளியில் வரிசையில் நிற்கிற தூக்குச் சட்டிகளில் யாருடையது எது என்று கஞ்சி ஊற்றுகிறவருக்கே தெரியாது. அஸர் தொழுகை முடிந்ததும் வரச் சொல்லுங்கள். பிந்தினால் அடிக்கஞ்சிதான் கிடைக்கும், அதில் வெந்தயம் தூக்கலாக இருக்கும். நீங்கள் சைவம் என்றால் வாங்கும்போது கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், சில நாள் கறிக்கஞ்சி. மூடியுள்ள சட்டியாகக் கொடுத்து விடுங்கள். கஞ்சி கொதிக்கும், பிள்ளைகள் ஓடும்.