‘வெறும் ஆவிதான்’ என்கிறான் மகன்

கேள்வி: டாக்டர், நாங்கள் பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். மகனுக்கு வயது 16, பி.யூ.சி. முதலாண்டு படிக்கிறான். துவைப்பதற்காக அவன் பையைக் கவிழ்த்தபோது பென் டிரைவ் போல ஒன்று விழுந்தது. மாம்பழ வாசனை அடித்தது. கேட்டால், “இது வேப். சிகரெட் இல்லை, வெறும் ஆவிதான், நிகோடின் கிடையாது” என்கிறான். அவன் அப்பா கைபேசியைப் பிடுங்கி வைத்துவிட்டு, இரண்டு நாட்களாக அவனோடு பேசவில்லை. உண்மையில் இது ஆபத்தா? நாங்கள் என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பொருளைக் குப்பையில் வீசிவிடாதீர்கள். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி, நசுங்கினால் தீப்பிடிக்கும். கசிகிற திரவம் சிறு குழந்தையின் வாய்க்குப் போனால் நஞ்சு. எட்டாத இடத்தில் வைத்திருந்து, மின்னணுக் கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

ஒரு தந்தை கொண்டுவந்த வேப்பை, அதாவது மின் சிகரெட்டை, என் மேசையிலேயே பிரித்துப் பார்த்திருக்கிறேன். சுண்டுவிரல் பருமனில் பேட்டரி, சின்னக் கம்பிச்சுருள், அதையொட்டித் திரவத்தில் ஊறிய பஞ்சு. கம்பி பட்ட இடத்தில் பஞ்சு கருகிப் பழுப்பேறியிருந்தது. அதற்குப் பிறகு இதை ‘ஆவி’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தத் திரவம் புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் கலந்தது. சூடேறும்போது அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுகள் உண்டாகின்றன. கம்பியிலிருந்து நிக்கல், குரோமியத் துகள்களும் சேர்கின்றன. மாம்பழ எசன்ஸைத் தின்னலாம் என்பதால் அதை நுரையீரலுக்குள் இழுக்கலாம் என்று ஆகிவிடாது.

‘நிகோடின் கிடையாது’ என்பதை உங்கள் மகன் நம்பியே சொல்லியிருக்கலாம். ஆனால் கர்நாடகம் 2016-இலேயே மின் சிகரெட்டைத் தடை செய்தது. 2019-இல் நாடு முழுவதும் அதன் தயாரிப்பும் விற்பனையும் தடை செய்யப்பட்டன. திருட்டுத்தனமாக விற்கிற பொருளின் அட்டையில் அச்சிட்டிருப்பதற்கு யார் பொறுப்பு? 5 சதவீத நிகோடின் திரவம் 2 மில்லி இருந்தால் அதில் 100 மில்லிகிராம் நிகோடின் இருக்கும். ஒரு சிகரெட்டிலிருந்து உடலில் சேர்வது ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிகிராம்தான். முதல் சிகரெட்டில் இருமல் வந்து, கண்ணில் நீர் கோத்து, அதோடு விட்டுவிட்ட பையன்கள் எத்தனையோ பேர். வேப்பில் பெரும்பாலும் நிகோடினை உப்பாக்கிச் சேர்க்கிறார்கள். தொண்டை கரகரப்பதே இல்லை. உடம்பு போட்டுவைத்த காவலே போய்விடுகிறது.

மூளையின் வளர்ச்சி முடிய ஏறக்குறைய 25 வயது ஆகும். அதற்குள் நிகோடின் புகுந்தால் கவனமும் மனநிலையும் பாதிக்கப்படும், அடிமைத்தனம் விரைவில் பிடிக்கும். நிகோடின் இறங்கும்போது எரிச்சல் வருகிறது, இழுத்ததும் தணிகிறது. பிள்ளையோ இதைப் படிப்பு டென்ஷனுக்கு மருந்து என்று நினைத்துக்கொள்கிறான். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் சிக்கியிருப்பது இந்தச் சுழலில்தான்.

வாட்ஸ்அப்பில் வரும் கருகிய நுரையீரல் படங்களைக் காட்டி அவனை மிரட்டாதீர்கள். 2019, 2020-இல் அமெரிக்காவில் வேப்பால் நுரையீரல் பாதித்து 68 பேர் இறந்தது உண்மைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கஞ்சாச் சத்துத் திரவத்தில் வைட்டமின் இ அசிடேட் கலந்ததால் நேர்ந்தவை. அதை அவன் தேடிப் படித்துவிட்டால் நீங்கள் சொல்லும் மற்றதையும் நம்ப மாட்டான். சிகரெட் புகையைவிட இதில் நச்சுகள் குறைவு என்று அவன் வாதாடினால், அதையும் ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் அவன் சிகரெட்டை விட்டுவிட்டு இதற்கு வரவில்லையே! ஒன்றும் இல்லாத சுத்தமான நுரையீரலோடு இருந்த பிள்ளை அல்லவா?

அவனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் இழுப்பு?” அரை மணி நேரத்துக்குள் என்றால் பழக்கம் ஆழமாக வேரூன்றிவிட்டது, உதவி கட்டாயம் வேண்டும். இதை அவன் அப்பா கேட்டால் இன்னும் நல்லது, குரலை உயர்த்தாமல். கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

நிறுத்திய பின் முதல் இரண்டு, மூன்று நாட்கள்தான் மிகக் கடினம். தூக்கம் கெடும், பசி கூடும், எதற்கெடுத்தாலும் சீறுவான். அதைத் திமிர் என்று நினைத்து அவன் அப்பாவும் சீறினால் காரியம் கெட்டுவிடும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். நிகோடின் சூயிங்கத்தை மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த வயதில் அதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் அடிமைப் பழக்கத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. புகையிலைப் பழக்கத்தை விட உதவும் தேசிய இலவச எண் 1800-11-2356. மனநல உதவிக்கான 14416-இல் தமிழிலும் பேசலாம். மூச்சிரைப்போ நெஞ்சுவலியோ இருந்தால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் நுரையீரல் மருத்துவரிடம் உடனே அழைத்துப் போங்கள்.

நிறுத்தும் நாளை நீங்கள் குறிக்காதீர்கள். தேர்வு இல்லாத வாரமாகப் பார்த்து, நாட்காட்டியில் அவனையே வட்டமிடச் சொல்லுங்கள்.