இரண்டு ஹோவர்டுகளும் ஒரு கணக்கு ஆசிரியையும்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் மூன்று பக்கக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் இரண்டு பக்கங்கள் முழுக்க வீடு மாற்றும் கவலை. பத்தாம் வகுப்பில் படிக்கும் மகளைக் கோடை விடுமுறைக்குள், மேரிலாண்ட் மாநிலத்துக்குள்ளேயே, பிரின்ஸ் ஜார்ஜ்ஸ் கவுண்டியிலிருந்து ஹோவர்ட் கவுண்டிக்குக் கொண்டுபோய்விட வேண்டும், இப்போதைய பள்ளிக்கு இணையத்தில் பத்துக்கு நான்குதான் ரேட்டிங், தெரிந்தவர்கள் எல்லாம் "இன்னும் அங்கேயா இருக்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். மூன்றாம் பக்கத்தில், கறுப்பின வரலாற்று மாதத்துக்காக மகளின் பள்ளி கறுப்பின ஆசிரியர்களை அழைத்துக் கௌரவிக்கும் பிப்ரவரி விழாவைப் பற்றிய புலம்பல். எல்லாவற்றுக்கும் அடியில், போகிற போக்கில், ஒரே ஒரு வரி: மகளின் கணக்கு ஆசிரியை ஒரு நாள் மாலை உங்களைத் தொலைபேசியில் அழைத்து, "இவளை அடுத்த ஆண்டு ஏ.பி. பிரீகால்குலஸில் சேர்த்துவிடுங்கள், அதற்கு அடுத்த ஆண்டு கால்குலஸ் எடுக்க வேண்டிய பெண்" என்று சொல்லியிருக்கிறார். (ஏ.பி. என்றால் பள்ளியிலேயே நடத்தும் கல்லூரித் தரப் பாடம்.)

வீடு மாற்றுவதற்கு இரண்டு பக்கம், இந்த அழைப்புக்கு ஒரு வரி. நான் அந்த ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு நூறு, நூற்றைம்பது மாணவர்கள் இருப்பது சாதாரணம். வேலை முடிந்த பிறகு அவர்களில் ஒருத்திக்காகத் தொலைபேசியை எடுக்கிறார் என்றால், அவர் உங்கள் மகளைக் கவனித்துவைத்திருக்கிறார். ஊரில் பள்ளிக்கு வராத பையனைத் தேடி வீட்டுத் திண்ணை வரை வந்து உட்கார்ந்த வாத்தியார்களைப் பற்றி நம் பெற்றோர் கதை கதையாகச் சொல்வார்கள். அந்த இனத்தைச் சேர்ந்த ஆசிரியை இவர். இப்படிப்பட்டவர் புதிய பள்ளியில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இங்கே கிடைத்துவிட்டார்.

இனி அந்த ரேட்டிங். மாநிலத் தேர்வில் பள்ளியின் பிள்ளைகள் எடுத்த மதிப்பெண்ணுக்கு இத்தகைய எண்களில் பெரிய பங்கு உண்டு. அந்த மதிப்பெண் பெற்றோரின் வருமானத்தோடு ஒட்டிக்கொண்டே ஏறும், இறங்கும். வசதியான வீட்டுப் பிள்ளைகள் அதிகம் சேரும் பள்ளி, ஆசிரியர் பெரிதாக எதுவும் செய்யாவிட்டாலும், எட்டு, ஒன்பது என்று காட்டும். ஒரு குறிப்பிட்ட வகுப்பறையில் என்ன நடக்கிறது என்பதற்கு அந்த எண்ணில் இடமில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், வருத்தப்படாதீர்கள். "ஆசிரியர்கள் நல்லவர்கள்தாம், ஆனால் பெரும்பாலும் கறுப்பினத்தவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த "ஆனால்" உங்கள் சொந்தச் சரக்கு இல்லை என்று நினைக்கிறேன். இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து, எந்தப் பகுதியில் வீடு பார்க்கக்கூடாது என்று முன்னால் வந்தவர்கள் காதில் ஓதியதுதான் அது. நம்மவர்களில் பலர் அதை விசாரிக்காமலே வாங்கி வைத்துக்கொண்டார்கள். நீங்கள் ஒரு முறை விசாரித்துப் பாருங்கள்; அதற்கான சாட்சிகள் உங்கள் வீட்டிலிருந்து வெகு தூரத்தில் இல்லை.

பக்கத்திலுள்ள வாஷிங்டனில் டன்பார் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. 1870-இல் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் தொடங்கியது. கறுப்பினப் பிள்ளைகளுக்காக அமெரிக்காவில் ஏற்பட்ட முதல் பொது உயர்நிலைப் பள்ளி. நெடுங்காலம் எம் ஸ்ட்ரீட் பள்ளி என்ற பெயரில் இருந்து, 1916-இல் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பாரின் பெயரைப் பெற்றது. 1902-இல் அதன் தலைமை ஆசிரியை ஆன அன்னா ஜூலியா கூப்பர் அடிமையாகப் பிறந்தவர். கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் போதும் என்று மேலிருந்தவர்கள் எண்ணிய காலத்தில், லத்தீனும் உயர்கணிதமும் கற்பித்தே தீருவேன் என்று நின்றார். அவருடைய மாணவர்கள் ஹார்வர்டுக்கும் யேலுக்கும் போனார்கள். அவருக்குக் கிடைத்த பரிசு, 1906-இல் பதவி பறிபோனது. நான்கு ஆண்டுகள் கழித்து அதே பள்ளிக்குச் சாதாரண லத்தீன் ஆசிரியையாகத் திரும்பி வந்தார். வேலை பார்த்துக்கொண்டே படித்து, 1925-இல், 66 வயதில், பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

அதே பள்ளியில் கற்பித்த கார்ட்டர் வுட்சன், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்ததால் இருபது வயதில்தான் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்தவர். இரண்டே ஆண்டுகளில் அதை முடித்தார். 1912-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கினார். 1926 பிப்ரவரியில் அவர் தொடங்கிய கறுப்பின வரலாற்று வாரம்தான் 1976-இல் மாதமாக வளர்ந்தது. உங்கள் மகளின் பள்ளி பிப்ரவரியில் எடுக்கும் விழாவின் வேர் ஒரு பள்ளி ஆசிரியரிடம் இருக்கிறது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

1921-இல் முனைவர் பட்டம் பெற்ற முதல் மூன்று கறுப்பினப் பெண்களில் இருவர், ஜார்ஜியானா சிம்ப்சனும் ஈவா டைக்ஸும், டன்பாரில் ஆசிரியைகள். ஓர் உயர்நிலைப் பள்ளியில் இத்தனை முனைவர்களா என்று தோன்றும். காரணம் பெருமைக்குரியது இல்லை. வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் அவர்களை வேலைக்கு எடுக்கவில்லை. வாஷிங்டன் பள்ளிகளிலோ, மத்திய அரசின் கீழ் இருந்ததால், கறுப்பின ஆசிரியர்களுக்கும் வெள்ளையருக்கு இணையான சம்பளம் கிடைத்தது. பேராசிரியர்களாக இருந்திருக்க வேண்டியவர்கள் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் சார்லஸ் ட்ரூ. இரத்த வங்கிகள் இன்றைய வடிவத்துக்கு வர வழிவகுத்த மருத்துவர். இன்னொருவர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். பள்ளிகளில் இனப்பிரிவினையை நீதிமன்றத்தில் படிப்படியாக உடைத்த வழக்கறிஞர். பொதுப் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று 1954-இல் பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. வழக்கை நடத்தி வென்றது அவருடைய மாணவர் தர்குட் மார்ஷல்.

அந்தத் தீர்ப்புக்குப் பின் நடந்தது பலருக்குத் தெரியாது. தெற்கு மாநிலங்களில் பள்ளிகளை இணைத்தபோது கறுப்பினப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள், அவர்களுடைய ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த பத்துப் பதினோரு ஆண்டுகளில் வேலை இழந்த ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் சுமார் 38,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இன்று அமெரிக்கப் பொதுப் பள்ளி ஆசிரியர்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஆறேழு பேர்தான். மாணவர்களிலோ பதினைந்து பேர். கறுப்பின ஆண் ஆசிரியர் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. உங்கள் மகளின் பள்ளி கறுப்பின ஆசிரியர்களைக் கூப்பிட்டு மாலை போடுவது வெறும் சடங்கு இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. டென்னசி மாநிலத்தில் 1980-களில் சிறு வகுப்புப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் வகுப்பறைகளுக்குப் பிரித்துவிட்ட ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. பொருளாதார அறிஞர்கள் அந்தப் பிள்ளைகளைப் பின்னாளில் தேடிப் பார்த்தார்கள். மூன்றாம் வகுப்புக்குள் ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த கறுப்பினப் பிள்ளைகள், அப்படி வாய்க்காதவர்களைவிட 13 சதவீதம் அதிகமாக உயர்நிலைப் பள்ளியை முடித்திருந்தார்கள்; 19 சதவீதம் அதிகமாகக் கல்லூரியில் சேர்ந்திருந்தார்கள். இந்த எண்கள் கறுப்பினப் பிள்ளைகளைப் பற்றியவை. உங்கள் மகளுக்கு அப்படியே பொருந்தும் என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவன். ஆனால் "உன்னால் முடியும், அதனால் விடமாட்டேன்" என்று ஓர் ஆசிரியர் நிற்பது பிள்ளையின் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குப் பிந்தைய வாழ்க்கை வரை எட்டுகிறது என்பதை நான் முப்பது ஆண்டுகளாக எல்லா நிறத்துப் பிள்ளைகளிடமும் பார்த்துவருகிறேன்.

பழங்கதை போதும், வேலைக்கு ஆவது என்ன என்று கேட்பீர்கள். உங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது. பால்டிமோர் கவுண்டியிலுள்ள மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தை 1992 முதல் 2022 வரை நடத்தியவர் ஃப்ரீமன் ஹ்ரபௌஸ்கி, கணக்குப் படித்தவர். 1963-இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக உரிமைப் போராட்டத்தில் நடந்து சிறைக்குப் போனவர். கறுப்பின மாணவர்களை அறிவியல் ஆய்வுக்கு அனுப்பும் நோக்கத்தோடு 1980-களின் இறுதியில் அவர் மேயர்ஹாஃப் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கினார். கல்லூரி திறப்பதற்கு முந்தைய கோடையிலேயே ஆறு வாரப் பயிற்சி, கூட்டாகப் படித்தல், ஒருவர் பின்தங்கினால் மற்றவர்களும் பொறுப்பு. 1996-இல் எல்லா இனத்தவருக்கும் கதவைத் திறந்தது. மாடர்னாவின் கோவிட் தடுப்பூசிக்கு அடித்தளமிட்ட அரசு ஆய்வகத்தில் முன்னணியில் நின்ற கிஸ்மீக்கியா கார்பெட் இந்தத் திட்டத்தில் வந்தவர். அவருடைய திறமையை நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவரே கண்டுகொண்டார் என்று சொல்லப்படுகிறது. உங்கள் மகள் கணக்கிலும் உயிரியலிலும் நாட்டம் உள்ளவள் என்கிறீர்கள். அவள் பட்டியலில் இந்தத் திட்டம் இருக்கட்டும். உங்கள் விசா நிலையை நீங்கள் எழுதவில்லை. உதவித்தொகைக்கும், மாநிலத்தில் வசிப்பவர்களுக்கான குறைந்த கட்டணத்துக்கும் அதுதான் முதல் கேள்வி. விதிகளை இப்போதே படித்துவிடுங்கள், பன்னிரண்டாம் வகுப்பில் படித்து அதிர்ச்சி அடையாதீர்கள்.

அவள் ஹோவர்ட் பல்கலைக்கழகம் என்று பேசத் தொடங்கியிருப்பதும் உங்களைக் கலக்கியிருக்கிறது. வேடிக்கைதான்: நீங்கள் ஒரு ஹோவர்டுக்குப் போகத் துடிக்கிறீர்கள், அவள் வேறொரு ஹோவர்டுக்கு. (இரண்டுக்கும் தொடர்பில்லை, வெவ்வேறு ஹோவர்டுகளின் பெயர்கள்.) 1867-இல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகம் கறுப்பின மக்களுக்காக ஏற்பட்டது, ஆனால் எல்லோரையும் சேர்க்கிறது. சென்னைக் குடும்பத்துப் பெண்ணான சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 1986-இல் பட்டம் பெற்றது அங்கேதான். எனவே "நம்மவர் அங்கே போவார்களா?" என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி பணம். அது தனியார் பல்கலைக்கழகம். உதவித்தொகை கழித்து எவ்வளவு கட்ட வேண்டும் என்று மாநிலப் பல்கலைக்கழகக் கட்டணத்தோடு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள். இப்போது பத்தாம் வகுப்புதான். ஆசைப்படட்டும்.

வீடு மாற்றுவதற்கு வருகிறேன். மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பள்ளியில் ஏ.பி. கால்குலஸ் வகுப்பு உண்மையிலேயே நடக்கிறதா, இயற்பியலுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா அல்லது ஆண்டு முழுவதும் மாற்று ஆசிரியர்தானா, மகள் பயமில்லாமல் போய் வருகிறாளா என்று மாணவர்களுக்கு வழிகாட்டும் பள்ளி ஆலோசகரிடம் நேரில் கேளுங்கள். சமூகக் கல்லூரியில் பாடம் எடுத்து, அதற்குப் பள்ளியிலும் கல்லூரியிலும் மதிப்பு பெறும் வழியையும் விசாரியுங்கள். பதில்கள் மோசமாக இருந்தால் நானே பெட்டி கட்டச் சொல்வேன். நன்றாக இருந்தால், பதினொன்றாம் வகுப்பு தொடங்கும் நேரத்தில் பிள்ளையைப் பிடுங்கி நடாதீர்கள். கல்லூரிகள் பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்பு ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களைத்தான் விரும்பிக் கேட்கின்றன. செப்டம்பரில் புதிதாக வந்த பெண்ணைப் பற்றி ஓர் ஆசிரியர் என்ன எழுத முடியும்? "அமைதியானவள், வீட்டுப்பாடம் தவறாமல் செய்பவள்" என்று எழுதுவார். விண்ணப்பத்தோடு பள்ளியின் விவரக்குறிப்பும் போகும்; அந்தப் பள்ளி கொடுத்ததில் இவள் எவ்வளவு எடுத்துக்கொண்டாள் என்றுதான் தேர்வுக் குழு பார்க்கும். பத்துக்கு நான்கு என்ற எண் அங்கே யார் மேசையிலும் இருக்காது.

விழா வேலை, கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வுப் படிப்பைக் கெடுக்கிறது என்கிறீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களைத் தேடிப் போய் அவர்கள் நினைவுகளைப் பதிவு செய்வதுதானே அவளுடைய பங்கு? வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்று வரம்பு போட்டுவிட்டு விட்டுவிடுங்கள். விண்ணப்பத்தில் காட்டுவதற்காகச் செய் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்ன மறுநாளே அது வீட்டுப்பாடமாகிவிடும். முதல் சந்திப்பில் ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்து அனுமதி கேட்கச் சொல்லுங்கள். "எந்த மாணவரை உங்களால் காப்பாற்ற முடியாமல் போனது?" என்று ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். சாதனைப் பட்டியலை எல்லோரும் சொல்வார்கள். இந்தக் கேள்விக்கு வரும் பதிலில்தான் ஆசிரியத் தொழில் என்ன என்று அவளுக்குப் புரியும்.

விழாவுக்கு நீங்களும் உங்கள் கணவரும் போங்கள். அரை நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருந்தால் எடுங்கள். பின்வரிசையில் நம் ஆட்களாகச் சேர்ந்து உட்காராமல், கணக்கு ஆசிரியையைத் தேடிப் போய்ப் பேசுங்கள்.

ஆனால் அதற்கு முன் ஒரு வேலை. அவர் அழைத்து மூன்று வாரமாகிவிட்டது, அடுத்த ஆண்டுப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவம் இன்னும் உங்கள் சமையலறை மேசையில் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரத்துக்குள் கையெழுத்துப் போட்டு மகளிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் கல்வி ஆலோசகர்